பழுதுநீக்கும் வட்டில் எந்த டிரைவர்கள் இடம்பெற வேண்டும்?

ஓராண்டுக்கு முன் என் மேசைக்கு ஒரு மடிக்கணினி வந்தது. இன்டெல்லின் பன்னிரண்டாம் தலைமுறைச் செயலி, 512 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் பாதி வழியில் நின்று நீலத்திரை காட்டியது. உள்ளே ஒரு கல்லூரி மாணவியின் ப்ராஜெக்ட் அறிக்கை மாட்டிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் என் பழுதுநீக்கும் பென் டிரைவைச் செருகிக் கணினியை எழுப்பினேன். கறுப்புத் திரை வந்ததும் டிஸ்க்பார்ட்டைத் திறந்து வட்டுகளைப் பட்டியலிடச் சொன்னேன். ஒரே ஒரு வரிதான் வந்தது: டிஸ்க் 0, 14 ஜிபி. அது என் பென் டிரைவ். எஸ்எஸ்டியின் சுவடே இல்லை. எதிரில் நின்ற மாணவி, “ஹார்ட் டிஸ்க் போயிடுச்சாண்ணா?” என்று கேட்டார். போகவில்லை, பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் கணினியை எழுப்பும் உள்மென்பொருள்) திரையில் அதே எஸ்எஸ்டி தன் மாடல் பெயரோடு தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தது. அங்கே இல்லாமற்போனது, என் பென் டிரைவில் நான் சேர்க்கத் தவறிய, சில எம்பி மட்டுமே அளவுள்ள ஒரு டிரைவர், அதாவது ஒரு சாதனத்தோடு பேச விண்டோஸுக்குக் கற்றுத்தரும் சிறு மென்பொருள்.

இப்படி ஒருமுறை அடிபட்டவர்கள் பெரும்பாலும் மறுநாளே எதிர்த்திசையில் ஓடுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் டிரைவர் மூட்டைகளை எல்லாம் இறக்கி, கிராபிக்ஸ், சவுண்டு, புளூடூத், பிரிண்டர் என்று வேறுபாடு பார்க்காமல் உள்ளே திணித்து, எழுவதற்கே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் ஒரு வட்டைச் செய்து முடிக்கிறார்கள். அந்த வட்டிலும் தேவையான டிரைவர் இல்லாமல் போவதுண்டு. இருந்தும் தவறான பதிப்பு ஏறிக்கொள்வதும் உண்டு. எதைச் சேர்ப்பது என்ற முடிவை எடுப்பதற்கு, இந்த வட்டு எழும்போது கணினிக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வட்டு என்று பழக்கத்தில் சொன்னாலும் இன்று அது பெரும்பாலும் பென் டிரைவ்தான். அதனுள் இருப்பது மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் பிஇ என்னும் சிறிய விண்டோஸ். ஏடிகே என்ற இலவசத் தொகுப்போடு முன்பு சேர்ந்தே வந்த இது, விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல் தனி இணைப்பாகத் தரப்படுகிறது. இதன் உயிர் ‘பூட் டாட் விம்’ என்ற ஒற்றைக் கோப்பில் இருக்கிறது. கணினி எழும்போது அந்தக் கோப்பு முழுவதும் ரேமுக்குள் ஏற்றப்பட்டு, எக்ஸ் என்ற எழுத்துடன் ஒரு தற்காலிக டிரைவாக விரிகிறது. யாரும் இதையே நிரந்தர விண்டோஸாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, 72 மணி நேரம் தொடர்ந்து ஓடினால் தானாகவே மறுபடி தொடங்கிவிடும்படியும் அமைத்திருக்கிறார்கள்.

பென் டிரைவிலிருந்து அந்தக் கோப்பை ரேமுக்கு ஏற்றும் வேலையை விண்டோஸின் டிரைவர்கள் செய்வதில்லை. கணினியின் பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ தன் சொந்த அறிவைக் கொண்டு படித்துக் கொடுக்கிறது. கோப்பு முழுவதும் ரேமுக்கு வந்து, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் பொறுப்பேற்றவுடன் அந்த உதவி நின்றுவிடுகிறது. அதன்பிறகு ஒவ்வொரு சாதனத்தையும் விண்டோஸ் தன் டிரைவர் வழியாகத்தான் பார்க்க முடியும். ஆகவே ஹார்ட் டிஸ்கைப் பார்க்கத் தெரியாத ஒரு பிஇகூட எந்தக் குறையும் இல்லாததுபோல் எழுந்து நிற்கும். எழுந்துவிட்டது என்பதை வைத்து, எல்லாம் தெரியும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பயாஸில் தெரிகிற எஸ்எஸ்டி பிஇக்குள் தெரியாமல் போவதற்குக் காரணமும் இந்தக் கைமாற்றம்தான்.

பார்ட் லாகர்வே என்பவர் உருவாக்கிய பார்ட்பிஇயைப் பயன்படுத்தியவர்களுக்கு இது நேர்மாறாக இருந்தது நினைவிருக்கும். எக்ஸ்பியின் கோப்புகளிலிருந்து செய்யப்பட்ட அந்த வட்டு, வழக்கமான அமைப்பில் சிடியிலிருந்தே ஓடியது. வேண்டிய கோப்புகளைக் கடைசிவரை சிடியிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தது. சிடி டிரைவ் மாட்டப்பட்டிருந்த கன்ட்ரோலருக்கு (சாதனத்தைக் கணினியோடு இணைக்கும் சிப்) டிரைவர் இல்லையென்றால், பாதி எழும்போதே 7பி என்ற எண்ணுடன் நீலத்திரை வந்து கதை முடிந்துவிடும். அன்று குறை உடனே தெரிந்தது. இன்று எல்லாம் எழுந்த பிறகு, வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது தெரிகிறது.

இதிலிருந்து டிரைவர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. ஒவ்வொரு டிரைவரைப் பற்றியும், அது ஏறியவுடன் அடுத்து எந்தக் கதவு திறக்கிறது என்று கேட்க வேண்டும். யுஎஸ்பி கன்ட்ரோலர் தெரிந்தால் விசைப்பலகையும் மவுஸும் உயிர்பெறும். அதைவிட முக்கியமாக, பென் டிரைவே மறுபடியும் கண்ணுக்குத் தெரியும், அதில் தனி ஃபோல்டரில் வைத்திருக்கும் மற்ற டிரைவர்களை எடுத்துக்கொள்ளலாம். சேமிப்பகக் கன்ட்ரோலர் தெரிந்தால் நோயாளியின் ஹார்ட் டிஸ்க் திறக்கும். அந்த ஹார்ட் டிஸ்கில், செத்துக் கிடக்கும் விண்டோஸ் தனக்காகச் சேர்த்துவைத்த அத்தனை டிரைவர்களும் இருக்கின்றன. எந்தக் கதவையும் திறக்காத டிரைவருக்கு வட்டில் இடமில்லை.

யுஎஸ்பியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். விண்டோஸ் 8 முதல் யுஎஸ்பி 3-க்கான டிரைவர் உள்ளேயே இருப்பதால், இன்று செய்யப்படும் பிஇயில் இது பிரச்சினையாவது அரிது. பழைய மென்பொருள் ஒன்றுக்காக விண்டோஸ் 7-ஐ அடியாகக் கொண்ட பிஇயை இன்னும் வைத்திருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். 2015-இல் ஸ்கைலேக் செயலிகளோடு வந்த மதர்போர்டுகளில் பழைய யுஎஸ்பி 2 கன்ட்ரோலரையே எடுத்துவிட்டார்கள். பயாஸில் வேலை செய்த விசைப்பலகை, பிஇ எழுந்தவுடன் மரத்துப்போகும். டிரைவர் ஏற்றும் கட்டளையைத் தட்டுவதற்கே வழியிருக்காது. இந்த ஒரு டிரைவரை மட்டும் பென் டிரைவின் ஃபோல்டரில் வைத்துப் பயனில்லை, பூட் டாட் விம்முக்குள்ளேயே புகுத்தியாக வேண்டும். அந்த ஃபோல்டரை அடையும் வழியே அடைபட்டிருக்கிறது.

மடிக்கணினிகளின் டச்பேடு வேறு கதை. அண்மைக்கால மாடல்களில் அது ஐ2சி என்ற தடத்தில் இணைக்கப்படுவதால், அதற்குரிய இன்டெல் அல்லது ஏஎம்டி டிரைவர் இல்லாமல் பிஇயில் அசையாது. இதற்காக மாடலுக்கு ஒரு டிரைவர் தேடி அலைவதைவிட, பையில் ஒரு யுஎஸ்பி மவுஸைப் போட்டுக்கொள்வது உத்தமம்.

உண்மையான சிக்கல் சேமிப்பகத்தில் இருக்கிறது. கணினிகளைப் பழுதுபார்க்கும் தொழிலின் தலைவலிகளில் பெரும்பகுதி இந்த ஒரு வகை டிரைவரைச் சுற்றியே வந்திருக்கிறது என்பதால், கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 2001-இல் வெளிவந்த எக்ஸ்பிக்கு, சாட்டா டிஸ்குகளோடு பேசும் முறையான ஏஹெச்சிஐ என்றால் என்னவென்றே தெரியாது. அந்த வரையறை 2004-இல்தான் வந்தது. சாட்டா ஹார்ட் டிஸ்குகளோடு மடிக்கணினிகள் பரவியபோது, எக்ஸ்பியை நிறுவ வந்தவர்கள் தொடக்கத்திலேயே எஃப்6 விசையைத் தட்டி, டிரைவர் உள்ள ஃப்ளாப்பியைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஃப்ளாப்பி டிரைவே இல்லாத மடிக்கணினியில் ஃப்ளாப்பிக்கு எங்கே போவது என்று திகைத்தவர்கள், பயாஸில் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றித் தப்பித்தார்கள். அந்தக் காலத்தில்தான் எல்லா நிறுவனங்களின் சேமிப்பக டிரைவர்களையும் ஒன்றாகக் கட்டிய மூட்டைகள் பிரபலமாயின. அன்று அவை உண்மையாகவே தேவைப்பட்டன. இன்டெல், என்விடியா, விஐஏ, எஸ்ஐஎஸ், ஜேமைக்ரான் என்று ஒவ்வொருவரும் ஒரு கன்ட்ரோலரைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவரின் டிரைவர் மற்றவருக்கு உதவாது.

அந்தப் பழக்கம் இன்றும் தொடர்வதுதான் வேடிக்கை. விஸ்டாவில் ஏஹெச்சிஐக்கான பொது டிரைவர் வந்துவிட்டது. விண்டோஸ் 8.1-இல் என்விஎம்இ எஸ்எஸ்டிகளுக்கான பொது டிரைவரும் வந்துவிட்டது. ஏஹெச்சிஐ முறையிலுள்ள சாட்டா டிஸ்கோ, செயலியோடு நேராகப் பேசும் என்விஎம்இ எஸ்எஸ்டியோ எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும், இன்றைய பிஇ ஒரு கூடுதல் டிரைவரும் இல்லாமல் அதைப் பார்த்துவிடும். எஸ்எஸ்டி தயாரிப்பாளரின் தளத்தில் கிடைக்கும் தனி என்விஎம்இ டிரைவரை வட்டில் சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பழுதுபார்க்கும் வேலைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பொது டிரைவர் எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பதை அறிவதற்கு, பிசிஐ என்ற தடத்தில் இணைந்த சாதனங்கள் தம்மை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால் போதும். ஒவ்வொரு சாதனமும் மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. தயாரித்தவர் யார் என்பது முதலாவது. இன்டெல் என்றால் 8086, ஏஎம்டி என்றால் 1022, ரியல்டெக் என்றால் 10இசி. எந்தச் சாதனம் என்ற எண் இரண்டாவது. எந்த வகையைச் சேர்ந்தது என்ற வகைக் குறி மூன்றாவது. சேமிப்பகச் சாதனங்களின் வகைக் குறி 01 என்று தொடங்கும்: 0101 என்றால் ஐடிஇ, 0104 என்றால் ரெய்டு (பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்தாளும் முறை), 0106 என்றால் சாட்டா, 0108 என்றால் என்விஎம்இ வகை. மைக்ரோசாஃப்டின் பொது டிரைவர்கள் தயாரிப்பாளரைப் பார்ப்பதில்லை, வகைக் குறியை மட்டும் பார்த்து ஒட்டிக்கொள்கின்றன. 0106-க்கும் 0108-க்கும் பொது டிரைவர் உண்டு. 0104-க்கு அப்படி ஒன்று கிடையாது. ரெய்டு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு விதம் என்பதால் இருக்கவும் முடியாது. ஆகவே வட்டில் சேர்க்க வேண்டிய சேமிப்பக டிரைவர்களின் பட்டியல், ஏறத்தாழ இந்த 0104 என்ற ஒரே குறிக்குள் அடங்கிவிடுகிறது.

மாணவியின் மடிக்கணினியில் நடந்ததும் இதுதான். இன்டெல்லின் விஎம்டி என்ற ஏற்பாடு 2017-இல் ஜியான் சர்வர்களில் அறிமுகமாகி, 2020-இன் பிற்பகுதியில் பதினொன்றாம் தலைமுறைச் செயலிகளோடு சாதாரண மடிக்கணினிகளுக்கும் வந்து சேர்ந்தது. விஎம்டி இயங்கும்போது, என்விஎம்இ எஸ்எஸ்டி விண்டோஸின் கண்ணுக்கு நேரடியாகத் தெரிவதில்லை. அதற்கு முன்னால் விஎம்டி கன்ட்ரோலர் ஒரு திரைபோல் நின்றுகொண்டு, 0104 என்ற ரெய்டு முகத்தை மட்டும் காட்டுகிறது. திரையை விலக்கத் தெரிந்த டிரைவர் ஏறினால்தான், பின்னாலிருக்கும் எஸ்எஸ்டி தெரியத் தொடங்கும். கணினியில் இருப்பது ஒரே ஒரு எஸ்எஸ்டி, ரெய்டு என்ற பேச்சுக்கே இடமில்லை என்றாலும் நிலைமை இதுதான். பல தயாரிப்பாளர்கள் விஎம்டியை இயக்கிய நிலையிலேயே கணினிகளை விற்கிறார்கள். பதினொன்றாம் தலைமுறை மடிக்கணினிகளில் இந்தக் கன்ட்ரோலரின் எண் பெரும்பாலும் 9ஏ0பி, பன்னிரண்டில் 467எஃப், பதின்மூன்றில் ஏ77எஃப்.

இன்று செய்யும் ஒரு வட்டில் எந்த டிரைவரையாவது கட்டாயம் சேர்க்க வேண்டும் என்றால், அது இந்த விஎம்டி டிரைவர்தான். இன்டெல்லின் ரேபிட் ஸ்டோரேஜ் தொகுப்போடு இது வருகிறது. அந்தத் தொகுப்பில் ஒரு பதிப்பு எல்லாத் தலைமுறைகளையும் தாங்குவதில்லை. 19-ஆம் வரிசைப் பதிப்புகள் பதினொன்றாம் தலைமுறையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கின்றன. 20-ஆம் வரிசை பன்னிரண்டிலிருந்துதான் தொடங்குகிறது. புதியது இருக்கும்போது பழையது எதற்கு என்று முந்தையதைத் தூக்கி எறிந்தவர்கள், பதினொன்றாம் தலைமுறை மடிக்கணினி வரும்போது மறுபடியும் வெறும் 14 ஜிபி வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு வரிசைகளையும் வைத்துக்கொள்வதுதான் சரி.

இதற்குக் குறுக்குவழியாக, பயாஸுக்குள் போய் விஎம்டியை அணைத்துவிடு என்ற ஆலோசனை பரவலாகக் கிடைக்கிறது. விண்டோஸைப் புதிதாக நிறுவப்போகிற, உள்ளே காப்பாற்ற எதுவும் இல்லாத கணினிக்கு அது பொருந்தும். பழுதுபார்க்க வந்த கணினிக்குப் பொருந்தாது. உள்ளே இருக்கும் விண்டோஸ் விஎம்டி வழியாக எழுந்து பழகியது. திடீரென்று பாதையை மாற்றினால் அது எழ முடியாமல் நீலத்திரை காட்டலாம், ஏற்கெனவே இருக்கும் பழுதோடு நாம் உண்டாக்கிய பழுதும் கலந்துவிடும். டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கும் கணினியாக இருந்தால், பயாஸில் நடந்த மாற்றத்தைக் கண்டுகொண்டு, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கவும் கூடும். அந்த எண் தம்மிடம் எங்கே இருக்கிறது என்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. நோயாளியின் உடலில் கைவைக்காமல் நம் கருவியில் டிரைவரைச் சேர்த்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலுக்கு அழகு.

ஏஎம்டி கணினிகளில் இந்தத் தொல்லை குறைவு. பெரும்பாலானவை ரெய்டு அணைக்கப்பட்ட நிலையிலேயே இருப்பதால் பொது டிரைவரே போதும். ரெய்டு இயக்கப்பட்ட டெஸ்க்டாப்புகளில் மட்டும் ஏஎம்டியின் மூன்று டிரைவர்கள் தேவைப்படும், அவற்றை ‘பாட்டம்’, ‘ரெய்டு’, ‘கான்ஃபிக்’ என்ற வரிசை தவறாமல் ஏற்றவும் வேண்டும். இவை பென் டிரைவின் ஃபோல்டரில் இருந்தால் போதும். சர்வர்கள் வரும் மேசையாக இருந்தால் ரெய்டு கார்டுகளின் டிரைவர்களையும் அதே ஃபோல்டரில் வைக்கலாம். சர்வரைத் தொடாதவர்களுக்கு அது வீண் சுமை.

நெட்வொர்க் டிரைவர் எல்லாருக்கும் கட்டாயமில்லை. கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்குக்குப் படியெடுப்பது மட்டுமே வேலை என்றால் நெட்வொர்க் இல்லாமலே காலம் தள்ளலாம். அலுவலகச் சர்வரிலிருந்து டிஸ்க் பிம்பங்களை இறக்குபவர்களுக்குத்தான் அது உயிர்நாடி. பரவலாக உள்ள ரியல்டெக்கின் கிகாபிட் சிப்புகளைப் பிஇ பெரும்பாலும் தானாகவே அடையாளம் காணும். இன்டெல்லின் லேன் சிப்புகளில் பெயர் அதேயாக இருந்தாலும் தலைமுறைக்குத் தலைமுறை எண் மாறுவதால், புதிய கணினிகளில் அவை தெரியாமல் போகலாம். 2.5 கிகாபிட் லேன் உள்ள மதர்போர்டுகளுக்கு, ரியல்டெக்கின் 8125, இன்டெல்லின் ஐ225 ஆகிய இரண்டுக்கும் டிரைவர் வைத்திருப்பது நல்லது. வைஃபையைப் பிஇ முறைப்படி ஆதரிப்பதில்லை என்பதால் வைஃபை டிரைவர்களைச் சேர்ப்பது வெட்டிவேலை. லேன் போர்ட்டே இல்லாத மெல்லிய மடிக்கணினிகளுக்கு, யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்றை வாங்கி, அதன் டிரைவரை மட்டும் வட்டில் புகுத்திவிட்டால், ஐம்பது லேன் டிரைவர்கள் செய்யும் வேலையை அந்த ஒன்றே செய்துவிடும். நம்மிடம் உள்ள அடாப்டர் மாறாது. வரும் கணினிகள்தான் மாறும்.

அதுவும் கைவசம் இல்லாதபோது உதவும் வழியைத்தான் முன்பே சொன்னேன். ஹார்ட் டிஸ்க் தெரிந்து, அது பிட்லாக்கரால் பூட்டப்படாமலும் இருந்தால், அதிலுள்ள விண்டோஸ் ஃபோல்டரின் சிஸ்டம்32-க்குள் ‘டிரைவர்ஸ்டோர்’, அதற்குள் ‘ஃபைல் ரெபாசிட்டரி’ என்று ஒரு கிடங்கு இருக்கும். அந்தக் கணினியில் இதுவரை நிறுவப்பட்ட ஒவ்வொரு டிரைவரும் தனித்தனி ஃபோல்டரில் அங்கே முழுமையாக இருக்கிறது. அதிலுள்ள லேன் டிரைவரை விவரிக்கும் ஐஎன்எஃப் கோப்பை, ஓடிக்கொண்டிருக்கும் பிஇக்குள் டிரைவரை ஏற்றும் டிஆர்விலோட் கட்டளைக்குக் காட்டினால், மறுதொடக்கம் இல்லாமலேயே நெட்வொர்க் உயிர்பெறும். செத்த விண்டோஸே தன்னைக் காப்பாற்ற வந்தவருக்கு டிரைவரைக் கொடுத்து உதவுகிறது. சேமிப்பக டிரைவர் ஒன்று சரியாக இருந்தால் மற்றவற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

கிராபிக்ஸ் டிரைவர் தேவையில்லை; விண்டோஸின் அடிப்படைத் திரை டிரைவர், தீர்மானம் குறைவாக இருந்தாலும் வேலைக்குப் போதும். சவுண்டு, பிரிண்டர், புளூடூத், கேமரா பற்றிப் பேசவே வேண்டாம். ‘சிப்செட் டிரைவர்’ என்று தரப்படும் தொகுப்புகளில் பெரும்பாலானவை, டிவைஸ் மேனேஜரில் சாதனங்களுக்குப் பெயர் சூட்டும் வெற்று ஐஎன்எஃப் கோப்புகள்தான்.

தேவையில்லாததைச் சேர்த்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். முதலில் ரேம். பூட் டாட் விம் முழுவதும் ரேமில் ஏறுவதால், ஒரு கிராபிக்ஸ் டிரைவர் சேர்த்த அரை ஜிபி அப்படியே ரேமிலிருந்து பறிபோகும். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியபோது வந்தவை போன்ற, ரேம் குறைந்த பழைய இயந்திரங்கள் இன்னும் மேசைக்கு வருகின்றன. வீங்கிய வட்டு அவற்றில் மூச்சுத் திணறும். அந்தக் காலத்துக் கணினிகளின் யுஎஸ்பி 2 போர்ட் வழியாகப் பெரிய கோப்பை ஏற்றுவதற்கும் நேரம் பிடிக்கும்.

அதைவிட ஆபத்தானது பதிப்புகளின் மோதல். ஒரே சாதனத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவர்கள் வட்டில் இருக்கும்போது, விண்டோஸ் ஒரு தரவரிசை போட்டுப் பார்க்கிறது. டிரைவர்களின் டிஜிட்டல் கையொப்பம் ஒரே தரத்தில் இருந்தால், சாதனத்தின் எண்ணோடு எது எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது என்பதைப் பார்க்கும். அதில் சமமாக இருந்தால் தேதி புதியதை எடுக்கும், தேதியும் சமம் என்றால் பதிப்பு எண் பெரியதை எடுக்கும். வகைக் குறியை மட்டும் பார்த்து ஒட்டும் பொது டிரைவர், சாதன எண்ணையே குறிப்பிடும் நிறுவன டிரைவரிடம் பெரும்பாலும் தோற்கும். எவரோ கட்டிய மூட்டையில் அரைகுறையான ஒரு நிறுவன டிரைவர் இருந்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொது டிரைவரின் இடத்தை அது பறித்துக்கொள்ளும். ஒன்றும் சேர்க்காத வட்டில் தெரிந்த ஹார்ட் டிஸ்க், எல்லாம் சேர்த்த வட்டில் காணாமல் போகும். இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க நான் ஒருமுறை அரைநாள் செலவிட்டிருக்கிறேன்.

டிரைவர்களை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் கவனம் தேவை. பிஇக்கு வேண்டியது ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ், சிஏடி என்று மூன்று வகைக் கோப்புகள் சேர்ந்த மூல வடிவம். நிறுவனங்களின் தளத்தில் பெரும்பாலும் கிடைப்பது இரட்டைக் கிளிக்கில் நிறுவும் எக்ஸி கோப்பு. அது பிஇயில் உதவாது. இன்டெல்லின் ரேபிட் ஸ்டோரேஜ் நிறுவியைக் கட்டளை வரியில் ‘எக்ஸ்ட்ராக்ட் டிரைவர்ஸ்’ என்ற குறிப்போடு ஓட்டினால், உள்ளிருக்கும் கோப்புகளைப் பிரித்துக் கொடுக்கும். டெல், ஹெச்பி, லெனோவோ ஆகியவை அலுவலகங்களின் ஐடி பிரிவினருக்காகப் பிஇக்கென்றே தயாரித்த டிரைவர் தொகுப்புகளை வெளியிடுகின்றன. அவற்றில் பெரும்பாலும் சேமிப்பகமும் நெட்வொர்க்கும்தான் இருக்கும் என்பதைப் பார்த்தாலே, பெரிய நிறுவனங்களும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கின்றன என்பது தெரியும். நல்ல நிலையில் ஓடும் அதே மாடல் கணினி கிடைத்தால் இன்னும் எளிது: பிஎன்பி-யுடில் கட்டளையின் ஏற்றுமதி வசதி, அதிலுள்ள வெளி டிரைவர்களை எல்லாம் ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடும். அதிலிருந்து வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம்.

64 பிட் பிஇக்கு 64 பிட் டிரைவர்தான் ஏறும். 32 பிட் பிஇயைப் பொறுத்தவரை, விண்டோஸ் 10-இன் 2004 பதிப்புக்குரிய இணைப்போடு மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவிட்டது. டிஸ்ம் கட்டளையால் பூட் டாட் விம்மைத் திறந்து டிரைவரைப் புகுத்தும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஏடிகேயிலிருந்து செய்த பூட் டாட் விம்மில் ஒரே ஒரு பிம்பம்தான் இருக்கும். விண்டோஸ் நிறுவும் வட்டிலுள்ள பூட் டாட் விம்மில் இரண்டு இருக்கும். நிறுவும்போது எழுவது இரண்டாவது. முதலாவதில் மட்டும் டிரைவரைப் புகுத்திவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம். புகுத்திய பிறகு வேண்டாம் என்று நீக்கினாலும் கோப்பின் அளவு குறையாது. டிஸ்மின் ஏற்றுமதி வசதியால் பிம்பத்தைப் புதிய கோப்பாக எழுதினால்தான் குறையும்.

வட்டுக்கு டிரைவர் சேர்ப்பதும், வட்டின் உதவியால் செத்த விண்டோஸுக்கு டிரைவர் சேர்ப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதையும் மறக்கக் கூடாது. டிஆர்விலோட் ஏற்றும் டிரைவர் ரேமில் மட்டும் இருக்கிறது. கணினியை அணைத்தால் போய்விடும், ஹார்ட் டிஸ்கிலுள்ள விண்டோஸுக்கு அது சேராது. மதர்போர்டு மாற்றியதால் எழ மறுக்கும் விண்டோஸாக இருந்தால், புதிய கன்ட்ரோலரின் டிரைவரை டிஸ்ம் வழியாக அந்த விண்டோஸுக்குள்ளேயே எழுத வேண்டும். அதற்காகவும் ஃபோல்டரில் டிரைவர்கள் மூல வடிவில் இருப்பது வசதி.

எந்த எண்ணுள்ள சாதனம் தெரியாமல் போனது என்பதைப் பிஇக்குள்ளிருந்தே அறிவது சற்றுக் கடினம். டிவைஸ் மேனேஜர் அங்கே கிடையாது. அதனால் இரண்டாவது பென் டிரைவில் சிஸ்டம்ரெஸ்க்யூ போன்ற ஒரு லினக்ஸ் மீட்பு வட்டை வைத்திருப்பது என் வழக்கம். எல்எஸ்பிசிஐ கட்டளையை எண்கள் காட்டும்படி ஓட்டினால், தயாரிப்பாளர் எண், சாதன எண், வகைக் குறி மூன்றும் ஒரே வரியில் வந்துவிடும். லினக்ஸ் கெர்னலில் விஎம்டி டிரைவரும் சேர்ந்தே இருப்பதால், பிஇக்குத் தெரியாத எஸ்எஸ்டியும் பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும். விஎம்டிக்கு முந்தைய இன்டெல் ரெய்டு முறையில் மறைத்துவைக்கப்பட்ட என்விஎம்இ எஸ்எஸ்டிகளை மட்டும் லினக்ஸாலும் பார்க்க முடியாது. பயாஸை ஏஹெச்சிஐக்கு மாற்றும்படி கெர்னல் செய்தி ஒன்றை எழுதிவிட்டுக் கைவிரித்துவிடும். அத்தகைய கணினிகளுக்கு ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர் சேர்த்த பிஇதான் வழி.

அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். லினக்ஸை எழுப்பி எண்ணைப் பார்த்தேன்: 8086, 467எஃப், வகை 0104. வேறொரு கணினியில் இன்டெல் தொகுப்பை இறக்கிப் பிரித்து, விஎம்டி ஃபோல்டரைப் பென் டிரைவில் போட்டு, பிஇக்குத் திரும்பி டிஆர்விலோட் கொடுத்தேன். டிஸ்க்பார்ட்டில் மறுபடி தேடச் சொன்னதும் இரண்டாவது வரி வந்தது: டிஸ்க் 1, 476 ஜிபி. 512 என்று விற்கப்படும் எஸ்எஸ்டி விண்டோஸ் கணக்கில் அவ்வளவுதான் காட்டும். சி டிரைவைத் திறக்கப் போனால் பிட்லாக்கர் பூட்டு. அதைத் திறக்கும் கூறு என் வட்டில் இருந்தது. 48 இலக்க எண், மாணவியின் அப்பா முதல்முறை கணினியைத் தொடங்கியபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. அப்பா கடவுச்சொல்லை நினைவுக்குக் கொண்டுவரும்வரை, அந்த டிரைவரை டிஸ்ம் வழியாகப் பூட் டாட் விம்முக்குள் நிரந்தரமாகப் புகுத்திக்கொண்டிருந்தேன்.